ஒரு மாடி தள்ளி

நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக ஊரில் உள்ளவர்களின் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறேன். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மட்டும் எட்டு மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நாலாவது மாடிப் பொத்தானை அமுக்கினால் ஒழுங்காக நாலாவது மாடியில்தான் போய் நிற்கும். ஆனால் கதவுக்கு மேலே சிவப்பு வெளிச்சத்தில் ஐந்து என்று காட்டும். மூன்றுக்கு நாலு, இரண்டுக்கு மூன்று. தரையில் சும்மா நிற்கும்போதே ஒன்று. ஆறாவது மாடிக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏழாவது மாடியை எப்ப வாடகைக்கு விடப்போறீங்க?" என்று கேட்பார். நாளைக்குப் பார்க்கிறேன் என்பேன்.

அண்ணிதான் எனக்காகப் பரிந்து பேசுவார். "நிக்கிற இடம் சரியா இருக்குல்ல? நம்பர் எப்படி இருந்தா என்ன, போங்க" என்று அவரை அனுப்பிவிடுவார்.

அண்ணி என்றால் என் அம்மா. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் கடைசிவரை தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

என் அப்பாவுடன் பிறந்தவர்கள் நாலு தம்பிகள். அவர்தான் மூத்தவர். பத்தொன்பது வயதில் அண்ணி அந்த வீட்டுக்குள் வந்தபோது கடைசித் தம்பி அரை டிராயரில் இருந்தார். பொழுது விடிந்தால், அண்ணி சோப்பு எங்க, அண்ணி பட்டன் அறுந்துபோச்சு, அண்ணி இவன் அடிக்கிறான் என்று நாலு தொண்டைகள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் பிறந்தேன். குழந்தை என்ன, புத்தகம் பார்த்தா பேசக் கற்றுக்கொள்கிறது? அவருடைய பெயரே அண்ணி என்று நினைத்துவிட்டேன். அதே கணக்கில் என் அப்பா எனக்கு அண்ணா ஆனார். ஐந்து பிள்ளைகளும் அப்பா, அம்மா என்று கூப்பிட்ட என் தாத்தா, பாட்டி இருவரும் எனக்கும் அப்பா, அம்மா ஆனார்கள். ஆக, பேச்சு வந்த நாளிலேயே நான் என் அப்பாவுக்குத் தம்பியாகிவிட்டேன்.

சித்தப்பாக்களுக்கு இது பெரிய வேடிக்கை. யாராவது வீட்டுக்கு வந்தால் என்னை நடுக்கூடத்தில் நிறுத்தி, "டேய், இது யாரு சொல்லு?" என்று அண்ணியைக் காட்டுவார்கள். "அண்ணி!" என்பேன். வீடே சிரிக்கும், என் கையில் ஒரு பிஸ்கட் வந்து சேரும். பிஸ்கட்டுக்காகச் சொன்ன சொல் வாயிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் படிவத்தில் தாயார் பெயர் என்ற இடத்தில் சரியான பெயர்தான் இருக்கிறது. படிவத்தில் எழுதியதை வாய் கேட்க வேண்டுமே.

அப்பா இறந்த அன்றைக்கு "அண்ணா, அண்ணா" என்றுதான் அழுதேன். துக்கம் கேட்க வந்த ஒருவர் என் தோளைத் தட்டி, "அண்ணன்னா அப்பா ஸ்தானம் தம்பி, தாங்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைத் திருத்துகிற நிலையில் நான் இல்லை.

அண்ணியிடம் ஒரு வழக்கம் உண்டு. தெருவில், கடையில், பேருந்து நிறுத்தத்தில், எந்தக் குழந்தை "அம்மா" என்று கத்தினாலும் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். எழுபத்தியொரு வயதிலும் அந்தக் கழுத்து அப்படியே திரும்பும். "ஊர் வம்புன்னா உங்களுக்குக் கற்கண்டு" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் பல் டாக்டர் வந்தாள்.

என் தாத்தாவின் தம்பிக்கு மகன் வழிப் பேத்தி அவள். வேறு ஊரில் பிறந்து வளர்ந்தவள், நான் முகம் பார்த்ததே இல்லை. பல் பிடுங்குகிற நேரம் போக மீதி நேரத்தில் கம்ப்யூட்டரில் குடும்ப மரம் போட்டுக்கொண்டிருந்தாள். என் எண்ணை யாரிடமோ வாங்கி ஒருநாள் கூப்பிட்டாள். "சார், உங்க பக்கத்துக் கிளை மட்டும்தான் வெறிச்சோடிக் கிடக்கு" என்றாள். நான் அப்போது ஒரு ஆஸ்பத்திரியில், லிஃப்ட் கூண்டின் முதுகில் உட்கார்ந்து, பல்லால் வயரைக் கடித்துக்கொண்டிருந்தேன். "போட்டோ ஒண்ணு இருக்கு, அனுப்புறேன். பின்னாடி யார் யாருன்னு எழுதியிருக்கு. ஆளை விடுங்க" என்றேன். பெயர்களையெல்லாம் அவள் அப்பா ஏற்கெனவே நோட்டில் எழுதிவைத்திருந்தாராம். யார் யாருக்கு என்ன உறவு என்பதுதான் அவருக்கு மறந்துபோயிருந்தது.

அன்று மாலை அண்ணியின் பெட்டியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து, முன்னும் பின்னும் போனில் பிடித்து அனுப்பினேன். மறுநாளிலிருந்து அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் அவளைவிட ஏழு வயதுதான் மூத்தவன். மரியாதை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று நினைத்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. உறவுக் கணக்கில் நான் என்றைக்கும் பெயில்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே வந்து இறங்கினாள். இந்த ஊரில் ஏதோ பல் மாநாடாம். லிஃப்டில் ஏறி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே, "சித்தப்பா, அஞ்சாவது மாடின்னு காட்டுது, கதவுல நாலுன்னு எழுதியிருக்கு" என்றாள். என் மனைவி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

பல் டாக்டர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள், அவற்றைக் கோத்துக்கொண்டு கோடுகள். அண்ணி சோபாவில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையணை உறைகளை உதறினாள்.

"ரெண்டு பேரைத் தொட்டா போதும். எப்படிச் சொந்தம்னு அதுவே கண்டுபிடிச்சிடும்" என்றாள் பல் டாக்டர்.

"எப்படிக் கண்டுபிடிக்கும்? ஜோசியமா?"

"இல்ல சித்தப்பா. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் மேல ஏறிக்கிட்டே போகும். அப்பா அம்மா, அவங்களோட அப்பா அம்மா, இப்படி. ரெண்டு பாதையும் எந்த ஆள்கிட்டப் போய் முட்டுதோ, அங்க நிக்கும். அப்புறம் இந்தப் பக்கம் எத்தனை படி, அந்தப் பக்கம் எத்தனை படின்னு எண்ணும். அதை வெச்சுத்தான் இவர் அண்ணன், இவர் சித்தப்பான்னு சொல்லும்."

எனக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. "அட, நம்ம லிஃப்டு! சரி, மேல எவ்வளவு போனாலும் முட்டவே இல்லேன்னா?"

"கல்யாணம் வழியாப் போகும். இந்தப் பக்கக் கோடு இருக்கு பாருங்க, இதுல தாண்டி அடுத்த குடும்பத்துக்குப் போய், அங்க ஏறி இறங்கும்."

"ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல பாலம்."

"அதேதான்! ரெண்டு மூணு வழி இருந்தா குட்டை வழியை முதல்ல காட்டும். நீளமானது வேணும்னு கேட்டா அதையும் காட்டும். என் வீட்டுக்காரருக்கு நான் ஒரு வழியில மனைவி. இன்னொரு வழியில, நாலு பாலம் தாண்டிப் போனா, அத்தை."

"அப்ப நீங்க அதட்டினா அவரு கேட்டுத்தான் ஆகணும்" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தோம். ஜன்னல் வழியாக வெயில் மேசையில் விழுந்து, பெட்டிகளும் கோடுகளும் பாதி அழிந்த மாதிரி தெரிந்தன. திரையில் வழியைக் காட்டும் பச்சைக் கோடு ஒரு பெட்டியிலிருந்து கிளம்பி, மெதுவாக ஏறி, ஒரு இடத்தில் தயங்கி, மறுபக்கம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. யாரோ செத்துப்போனவர்களின் வீடுகளுக்குள் விளக்கை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

அண்ணி ஒரு சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் இவனுக்கும் போட்டுப் பாரும்மா" என்றார்.

அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது. அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்போது நானும் ஆர்வமாகத்தான் எட்டிப் பார்த்தேன்.

பல் டாக்டர் என் பெட்டியைத் தொட்டாள், அண்ணியின் பெட்டியைத் தொட்டாள். பச்சைக் கோடு என்னிடமிருந்து கிளம்பி ஒரு படி ஏறியது. ஒரு படி இறங்கியது. பக்கவாட்டில் ஒரு பாலம் தாண்டியது. அண்ணியிடம் போய் நின்றது. கீழே எழுத்து வந்தது: அண்ணனின் மனைவி. அண்ணி.

"பார்த்தீங்களா, கரெக்டா சொல்லிடுச்சு!" என்று அவள் கைதட்டினாள். "இன்னொண்ணும் இருக்கு. ரத்த வழி மட்டும்னு வெச்சுப் பார்க்கலாம்" என்று வேறு எதையோ அமுக்கினாள். கோடு அணைந்தது. என் பெட்டி தனியாக, அண்ணியின் பெட்டி தனியாக நின்றன. அண்ணி மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"தொடர்பு... எதுவும்... கிடைக்கவில்லை."

எனக்குக் காது சுட்டது. பத்து மாதம் என்னைச் சுமந்தவரிடம் போய்ச் சேர ஏறி, இறங்கி, பாலம் தாண்டி மூன்று திருப்பமா? அதிலும் ரத்த வழி என்றால் ஒன்றுமே இல்லையா? "என்ன பொட்டி இது, குப்பைப் பொட்டி! இவங்க என்னைப் பெத்தவங்க!" என்று கத்தினேன்.

பல் டாக்டர் நடுங்கிப்போனாள். "நீங்க அனுப்பின போட்டோவுல அப்படித்தானே..." என்று தடுமாறி, அதைத் திரையில் கொண்டுவந்தாள். ஸ்டுடியோவில், மலை வரைந்த திரைக்கு முன்னால் ஐந்து பேர். பின்பக்கத்தில் மைப் பேனாவால், என் ஒன்பது வயதுக் கோழிக்கிறுக்கலில்: ஒன்று அப்பா, இரண்டு அம்மா, மூன்று அண்ணா, நாலு அண்ணி, ஐந்து நான். 'நான்' என்பதற்கு மட்டும் அடியில் இரண்டு கோடு. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே மரத்தில் ஏற்றியிருக்கிறாள். குடும்பம் மொத்தமும் அவரவர் இடத்தில் நிற்க, நான் மட்டும் ஒரு மாடி தள்ளி மேலே, அவள் அப்பாவின் வரிசையில் நின்றேன்.

"மன்னிச்சிடுங்க, ரெண்டே நிமிஷம், இப்பவே மாத்திடுறேன்" என்றாள்.

"வேண்டாம்மா" என்றார் அண்ணி. கோபமே இல்லாத குரல். "இருக்கட்டும். அது என்ன தப்பாச் சொல்லிடுச்சு? அம்பது வருஷமா இவன் வாயால சொன்னதைத்தானே அதுவும் சொல்லுது. இவன் மாத்தினா, அப்ப நீயும் மாத்து." மடித்த துணிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பல் டாக்டர் கிளம்பும்போது வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினாள். "அடுத்த ஞாயிறு சாயந்திரம் பிரிண்டுக்குக் கொடுக்கிறேன். பெரிய தாள்ல போட்டு நூத்துப்பத்து பேருக்கு அனுப்பணும். அதுக்குள்ள சொல்லுங்க. அவங்க சொல்லாம மாத்த எனக்கு மனசு வரல" என்றாள். லிஃப்ட் கதவு மூடியது. ஐந்து, நாலு, மூன்று என்று பொய் சொல்லிக்கொண்டே அவளை இறக்கிக்கொண்டு போனது.

ஒரு வாரம் இருந்தது. ஒரே ஒரு சொல். உலகத்தில் எல்லாக் குழந்தைகளும் பல் முளைக்கும் முன்பே சொல்லிவிடுகிற சொல். இதிலென்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அண்ணி காபி கொண்டுவந்தார். மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். சொல் தொண்டைவரை வந்தது, பிறகு பிடிவாதம் பிடித்த மாடு மாதிரி அங்கேயே படுத்துக்கொண்டது. "அ... அது வந்து... சர்க்கரை கம்மி" என்றேன். அண்ணி உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்துவந்தார். ஏற்கெனவே பாயசம் மாதிரி இருந்த காபியில் இன்னும் ஒரு கரண்டி போட்டுக் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போன இடத்தில், லிஃப்ட் குழிக்குள் இறங்கி, யாரும் இல்லாத இருட்டில் சொல்லிப் பார்த்தேன். அங்கே அழகாக வந்தது. சுவரில் மோதி, பத்து மாடி ஏறி, திரும்பி என் தலையிலேயே விழுந்தது. மேலே இருந்து ஒரு காவலாளி எட்டிப் பார்த்து, "அடிபட்டுடுச்சா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் மறுபடி பூட்டு. அதைவிட மோசம், பழைய சொல்லும் வரவில்லை. அண்ணி என்று கூப்பிட இப்போது நாக்கு கூசியது. அதனால் எதுவுமே சொல்லாமல், "இதோ இந்த மாத்திரை", "வந்து, சாப்பாடு" என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு திரிந்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த என் மனைவி சமையலறையில் வைத்துப் பிடித்தாள்.

"இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்டீங்க. இப்ப அத்தைக்கு அதுவும் இல்ல, இதுவும் இல்ல. நல்லா இருக்கு உங்க நியாயம்."

"வரமாட்டேங்குதுடி. என்ன பண்ண?"

"என்னைத் திட்டுறதுக்கு மட்டும் வார்த்தை கொட்டுதே, அது எங்கிருந்து வருது?" என்றாள்.

அவள்தான் இன்னொன்றையும் சொன்னாள். கைப்பிடித் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தெருவுல குழந்தைங்க கூப்பிட்டா அத்தை திரும்பிப் பார்ப்பாங்களே, ஏன்னு நான் ஒரு தடவை கேட்டேன். 'நீ பிறக்கப்போறேன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து காதைத் தயாரா வெச்சிருந்தேன், அது இன்னும் அப்படியே நிக்குது'ன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னாங்க. நீங்க வம்புன்னு கிண்டல் பண்ணுவீங்க, அவங்க சிரிச்சுக்குவாங்க."

அத்தனை வருடக் கிண்டலும் ஒன்று விடாமல் நினைவுக்கு வந்தது. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

வியாழக்கிழமை மதியம் ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் அறையில் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். மோட்டார் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. கண் சொக்கிவிட்டது.

நான் ஒரு லிஃப்டுக்குள் இருக்கிறேன். பொத்தான்களில் எண் இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு முகம். கதவு திறந்த முதல் மாடியில் சித்தப்பாக்கள் நாலு பேரும் சின்னப் பையன்களாக வரிசையில் நின்று, பட்டன் இல்லாத சட்டைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாடியில் நான் ஒருநாளும் பார்த்திராத கிழவர்கள். ஒவ்வொருவரும் கையில் ஒரு விளக்கோடு, உனக்கு இது இல்லை, அடுத்த மாடி என்பதுபோல் மேலே கைகாட்டினார்கள். ஏறிக்கொண்டே போனேன். காற்று குளிர்ந்தது, வெளிச்சம் பாலாக வெளுத்தது. கடைசியில் கதவு ஒரு நீண்ட பாலத்தில் திறந்தது. மறுமுனையில் அண்ணி, பத்தொன்பது வயதில், கையில் ஒரு பிஸ்கட்டோடு நின்றார். நான் நடந்தேன். நான் நடக்க நடக்கப் பாலம் நீண்டது. கூப்பிட்டால் அவரே வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். மோட்டார் முனகல்தான் வந்தது.

விழித்தபோது கன்னத்தில் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் எந்த மாடியில் இருக்கிறேன் என்றே பிடிபடவில்லை. பிறகு தொழில் புத்தி விழித்துக்கொண்டது. லிஃப்ட் மேலே போகப்போகத் தப்பு சரியாகாது. எண்ணிக்கை தவறிய லிஃப்டைக் கீழே, தரைத்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது. கூண்டு அதைத் தொட்டதும் பழையதெல்லாம் அழிந்து, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எங்கள் கட்டடத்தில் அந்த சுவிட்ச் செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. அதை மாற்ற அரை மணி நேரம் போதும். எட்டு மாதமாக நான் அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டூல்ஸ் பையை எடுத்தேன். "லிஃப்டைச் சரி பண்ணப்போறேன்" என்றேன், பொதுவாக, கூடத்து விசிறியைப் பார்த்து. என் மனைவி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்று என்னை ஒருமுறை பார்த்தாள், கடைப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

குழிக்குள் இறங்கிப் புது சுவிட்சைப் பொருத்தினேன். இனி நான் மொட்டை மாடியிலிருக்கும் மெஷின் அறையில் உட்கார்ந்து, கூண்டை மாடி மாடியாக ஏற்ற வேண்டும். உள்ளே என்ன எண் காட்டுகிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். கூட்டாளிக்கு ஞாயிறு லீவு. கதவருகே விழித்துக்கொண்டு நின்றேன்.

"நான் உள்ள நிக்கட்டுமா? நம்பர் படிக்கணும், அவ்வளவுதானே" என்றார் அண்ணி. எப்போது கீழே வந்தாரோ தெரியாது. கையில் சமையலறை முக்காலி. கூண்டின் நடுவில் அதைப் போட்டு, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, படம் பிடிக்க உட்காருகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கதவை மூடிவிட்டு ஏழு மாடி படியேறினேன்.

மெஷின் அறையில் ஒரு பழைய இன்டர்காம் உண்டு. பொத்தானை அமுக்கிப் பேச வேண்டும், விட்டால் கேட்கும். பொத்தானை அமுக்கினேன், பேசவில்லை. மூச்சுதான் போயிருக்கும். விட்டேன். கீழே ஆழத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவர் குரல் வந்தது. "பூஜ்யம் காட்டுது. ஒன்னு இல்ல. பூஜ்யம்."

கூண்டை ஏற்றினேன். கயிறு என் முன்னால் மெல்ல ஓடியது. எண்ணெய் வாசனை. கூரைக் கண்ணாடி வழியாக ஒரு துண்டு வெயில் சக்கரத்தின் மேல் சுற்றாமல் அப்படியே நின்றது. கயிற்றின் அந்த நுனியில் எழுபத்தியொரு வயது ஒரு மனுஷி, முக்காலியில், இருட்டுக் குழாய்க்குள் என்னை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தார். இந்த வாரம் முழுக்க நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முயன்றேன். இங்கே முகம் இல்லை. இன்டர்காமின் ஓட்டைகள் போட்ட தகரத் தட்டுதான் இருந்தது.

"ஒன்னு" என்றது தட்டு.

"சரி" என்றேன்.

"ரெண்டு. சரியா நிக்குது."

"சரி."

"மூணு."

கூண்டு நாலாவது மாடிக்கு ஏறியது. நின்றது. குரல் வரவில்லை. நாலு நொடி, ஐந்து நொடி. அவருக்குத் தலை சுற்றுகிறதோ, அந்த அடைசலில் மூச்சு முட்டுகிறதோ என்று பயம் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினேன். பயம் முந்திக்கொண்டதால் தொண்டையிலிருந்த பூட்டைத் தேடக்கூட நேரமில்லை.

"அம்மா? நாலா? சொல்லும்மா, என்ன காட்டுது?"

பொத்தானை விட்டேன். ஒன்றுமில்லை. மோட்டார்கூட முனகவில்லை. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் கேட்டது. 'நீங்க'கூட எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"அம்மா..." என்றேன் மறுபடி.

தட்டில் ஒரு கரகரப்பு. பிறகு அவர் குரல், உடைந்து, ரொம்பப் பக்கத்தில். "நம்பர் தெரியலடா. கண்ணு என்னவோ பண்ணுது. கொஞ்சம் நில்லு."

அந்த எண் உள்ளங்கை அகலம், சிவப்பு விளக்கு. தெருமுனையிலிருந்து பார்த்தாலும் தெரியும். நான் நின்றேன். எனக்கும் கயிறு, சக்கரம், வெயில் எல்லாம் கலங்கி ஒன்றாகத் தெரிந்தன.

"நாலு" என்றார் அம்மா. "நாலுதான். நம்ம வீடு."

படியிறங்கி ஓடினேன். நாலாவது மாடியில் கதவு திறந்திருந்தது. கூண்டின் தரையும் எங்கள் தளத்தின் தரையும் ஒரு நூல்கூடப் பிசகாமல் ஒரே மட்டத்தில் இருந்தன. அம்மா முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடி மடியில் கிடந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பல் டாக்டர் பொண்ணுக்குப் போன் போடு" என்றார்.

போட்டேன். ஒரே மணியில் எடுத்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் கூண்டு முழுக்கக் கேட்டது. "சொல்லுங்க சித்தப்பா."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சித்தப்பா இல்லம்மா, உனக்கு அண்ணன்" என்றார். "நான் பெத்த பிள்ளை."